குபேர் நல்லவரா, கெட்டவரா?

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி பீச் ரோட்டுக்குப் போயிருந்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், கடலைப் பார்த்தபடி நடக்கலாம். பிளஸ் ஒன் படிக்கிற பையன். 'குபேர் சாலை' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "கடலோரத்துல எதுக்கு மாமா குபேரன் பேரு?" என்று கேட்டான். எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை. அவன் வயசில் நானும் பெரிய மார்க்கெட்டுக்குப் பணக்கடவுள் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது எதுவார் குபேர். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர். 1951-இல் இங்கிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். புதுச்சேரி பிரான்ஸோடு இருக்கட்டும் என்ற பக்கம் நின்றவர். 1954 மார்ச்சில் அந்த ஆள் அப்படியே திரும்பினார். இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார், நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். அவர் ஆட்களும் கூடவே திரும்பியதும் பிரெஞ்சு ஆட்சிக்குக் காலடி மண் சரிந்தது. அதே வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிர்ப்புக்கு 8. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1963-இல் குபேர் முதலமைச்சராகவும் ஆனார்.

ஏன் திரும்பினார்? அவர் மேல் அப்போது நிதி முறைகேட்டுப் புகார்கள் இருந்தன, தலை தப்பத்தான் பக்கம் மாறினார் என்று எதிராளிகள் பேசினார்கள். காற்று அடிக்கிற திசை பார்த்து மாறினார் என்பார்கள் சிலர். இந்தியா போட்ட எல்லைக் கெடுபிடியில் ஊர் பட்ட பாட்டைப் பார்த்து மனம் மாறினார் என்பார்கள் வேறு சிலர்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பையன் கேட்டான்: "அப்ப அவரு நல்லவரா, கெட்டவரா?"

அவனுக்கு அன்று நடந்துகொண்டே சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நோக்கம், செயல், விளைவு

ஒரு தலைவரைப் பற்றிப் பேசும்போது நாம் மூன்று விஷயங்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். ஏன் செய்தார் என்பது நோக்கம். என்ன செய்தார் என்பது செயல். அதனால் யாருக்கு என்ன ஆனது என்பது விளைவு. ஒரு எம்.எல்.ஏ. ஊருக்குப் புறவழிச்சாலை கொண்டுவருகிறார். சாலை போடுவது செயல். அந்தச் சாலையோரம் மச்சானுக்கு நாலு ஏக்கர் இருப்பது நோக்கமாக இருக்கலாம். ஆம்புலன்ஸ் இருபது நிமிஷம் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குப் போவது விளைவு. மூன்றும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கெல்லாம் எப்போதோ வார்த்தை வந்துவிட்டது. நோக்கத்தில் சந்தேகம் வந்தால் 'சோழியன் குடுமி சும்மா ஆடாது'. வெளியே கரிசனம், உள்ளே வேறு கணக்கு என்றால் 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்'. நல்ல எண்ணத்தில் தொடங்கிக் கெட்டதில் முடிந்தால் 'பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது'. மிச்சம் இருப்பது ஒன்று: சுயநலத்தில் தொடங்கி ஊருக்கு நல்லதாக முடிவது. இதற்கு எனக்குத் தெரிந்து பழமொழி இல்லை. எதிராளிகள் சொன்னது உண்மையானால், குபேர் சாலை மட்டும் இருக்கிறது.

தத்துவக்காரர்கள் இதில் இரண்டு கட்சி. ஜெர்மனிக்காரர் கான்ட் 1785-இல் ஒரு கடைக்காரர் உதாரணம் சொன்னார். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை வந்தாலும் ஒரே விலைதான் சொல்கிறார் அந்தக் கடைக்காரர். ஏமாற்றினால் நாளைக்கு வியாபாரம் போய்விடும் என்பதற்காகவே அப்படி நடந்துகொள்கிறார் என்றால், அவர் செய்தது சரியான காரியம்தான், ஆனால் அதில் அறத்தின் மதிப்பு ஒன்றும் இல்லை என்பது கான்ட் கணக்கு. இங்கிலாந்துக்காரர் ஜான் ஸ்டூவர்ட் மில் மறுபக்கம். தண்ணீரில் மூழ்குகிறவனை ஒருவன் காப்பாற்றுகிறான், கடமை என்று காப்பாற்றினாலும் காசு கிடைக்கும் என்று காப்பாற்றினாலும் காரியம் சரியானதுதான் என்றார் அவர். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் பிள்ளையைப் பறிகொடுக்க இருந்த தாய் மில் கட்சியில்தான் சேருவாள். ஆனால் மில் கூடவே ஒரு வாலையும் வைத்தார்: நோக்கம் காரியத்தின் மதிப்பை மாற்றாது, ஆளின் மதிப்பை மாற்றும்.

அந்த வால்தான் முக்கியம். காரியத்தை எடைபோடுவது ஒரு வேலை, ஆளை எடைபோடுவது இன்னொரு வேலை. இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் டீக்கடையில் பாதிச் சண்டை.

வள்ளுவர் இந்தப் பிரிவை அழகாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். 'மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்' என்பது 34-ஆம் குறள். அறம் என்றால் மனசு சுத்தமாக இருப்பதுதான், மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம் என்கிறார். அவரே 505-இல் 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிறார். கட்டளைக்கல் என்பது பொன்னை உரசிப் பார்க்கும் கல், ஆளின் மாற்று அவன் செய்த காரியத்தில் தெரியும் என்று பொருள். முரண்பாடு மாதிரி தெரிகிறதா? முதல் குறள் இருப்பது 'அறன் வலியுறுத்தல்' அதிகாரத்தில், நீ எப்படி வாழ வேண்டும் என்று உன்னிடம் பேசுகிற இடம். இரண்டாவது 'தெரிந்து தெளித'லில், அரசன் இன்னொருவனை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதற்கு முன்னால் எப்படிப் பார்க்க வேண்டும் என்கிற இடம். உன்னை நீ பார்க்கும்போது மனசைப் பார். உன்மேல் அதிகாரம் பண்ணப் போகிறவனைப் பார்க்கும்போது காரியத்தைப் பார். ஓட்டுப் போடுகிற நாம் இரண்டாவது இடத்தில் நிற்கிறோம்.

லாரி எங்கே நின்றது

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பாட்டியை நாங்கள் ஆயா என்போம், அவள் வீடு பண்ருட்டிப் பக்கம். முந்திரித்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது, அறுபது வருஷத்துப் பலாமரம் வேரோடு வந்து கொட்டகைமேல் விழுந்திருந்தது. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது.

முதலில் ஒரு தலைவர் வந்தார். ஆயா திண்ணையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன், கண் சிவந்திருந்தது. போனார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு தார்ப்பாய்கூட வரவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொருவர் லாரியில் அரிசி அனுப்பினார். ஒவ்வொரு பையிலும் அவர் படம், இத்தனை பெரிசு, கும்பிட்ட கையோடு.

என் மாமா வாங்கமாட்டேன் என்று நின்றார். "இது அரிசி இல்ல, ஓட்டு."

ஆயா பையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தாள். "படம் பையிலதானடா இருக்கு. அரிசியில இல்லியே."

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் ஆயா ஜெயித்துவிடுவாள். அழுத மனசு நல்ல மனசு, அதில் உலை கொதிக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய மனசு கணக்குப் போட்ட மனசு, அதில் ஒரு வாரம் சாப்பிட்டோம்.

ஆனால் லாரி வாய்க்கால் வரைக்கும்தான் வந்தது. வாய்க்காலைத் தாண்டி இருக்கிற காலனிக்குப் போகவில்லை. அங்கே சேதம் எங்களைவிட அதிகம், கூரை வீடுகள். பாலம் நன்றாகத்தான் இருந்தது, டிராக்டர் போய்வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் அவருக்கு ஓட்டு விழாது, அவ்வளவுதான் விஷயம். ஆயாவே மறுநாள் ஒரு படி அரிசியை முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு அங்கே போனாள், அது வேறு கதை.

நான் இதிலிருந்து பிடித்துக்கொண்டது இதுதான். மாமா நோக்கத்தை அந்த மனுஷன் நெஞ்சுக்குள் தேடினார். அங்கே யாராலும் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் நோக்கம் செயலின் ஓரத்தில் தடம் விட்டிருந்தது. லாரி எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால் போதும். ஒரு திட்டம் யார்வரை போகிறது, யாரோடு நின்றுவிடுகிறது, அப்படி நிற்க வேறு நியாயமான காரணம் உண்டா என்று கேட்டால் போதும், மனசு படிக்கிற வித்தை தேவையில்லை.

'ஓட்டுக்காகச் செய்கிறார்' என்பதை நாம் பெரிய குற்றச்சாட்டு மாதிரி சொல்கிறோம். யோசித்தால், தேர்தல் என்ற ஏற்பாடே அதற்குத்தான் இருக்கிறது. பதவி ஆசையை ஊர் வேலைக்கு மாட்டிவிடுகிற நுகத்தடி அது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது கஜானா தாங்காது, எல்லாம் ஓட்டு வேலை என்றார்கள். சின்ன வயசில் தான் பட்ட பசியைப் பற்றி அவரே பேசியதும் உண்டு. இரண்டில் எது நிஜ நோக்கம்? ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? ஒரே மனசில் பசியின் ஞாபகமும் இருக்கும், ஓட்டுக் கணக்கும் இருக்கும். 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொன்னபோது, தட்டோடு உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழைய விவாதம் எதுவும் தெரியாது.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். ஓட்டு மட்டுமே நோக்கம் என்றால், ஓட்டு விழாத காரியங்கள் நடக்காது. கடலூர் வடிகால் மாவட்டம். பெண்ணையாறும் கெடிலமும் பரவனாறும் இங்கேதான் கடலுக்கு வருகின்றன. 2015 வெள்ளம் ஞாபகம் இருக்கும். சித்திரை வெயிலில் தூர்வாரிய வாய்க்காலுக்கு யாராலும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. அந்த வேலையைச் செய்தவரும் செய்யாதவரும் கார்த்திகையில்தான் தெரிவார்கள். நோக்கத்தைப் பார்ப்பதால் நமக்கு ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான்: நேற்று செய்ததற்கு மார்க் போட அல்ல, நாளைக்கு என்ன செய்யாமல் விடுவார் என்று ஊகிக்க.

தோற்றவனும் துரோகியும்

நோக்கத்தை முழுக்கத் தூக்கிப்போட்டுவிடலாமா என்றால், கூடாது. அதற்கு ஒரு கதை கடலூரிலேயே இருக்கிறது.

தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்கு அருகே, செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடு கிடக்கிறது. 1758-இல் ஆங்கிலேயரிடமிருந்து அதைப் பிடித்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆணவம் பிடித்தவர், யார் பேச்சையும் கேட்கமாட்டார். படைக்கு வண்டி இழுக்க ஆள் இல்லை என்று ஊர்மக்களைப் பிடித்து இழுக்க வைத்து வெறுப்பைச் சம்பாதித்தார். சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பினார், 1760-இல் வந்தவாசியில் தோற்றார், 1761 ஜனவரியில் புதுச்சேரியையே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அவர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

செயல் மோசம், விளைவு படுமோசம். பிரான்ஸ் ஒரு படி மேலே போய், அரசனுக்குத் துரோகம் செய்தார் என்று முடிவு கட்டியது. லாலி அப்போது இங்கிலாந்தில் கைதி. பாரிஸில் தன்னைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாக்குக் கொடுத்து விடுதலை வாங்கி, வழக்கைச் சந்திக்கத் தானாகவே பிரான்ஸ் திரும்பினார். விலைபோன ஆள் அப்படித் திரும்புவானா? 1766-இல் தலையை வெட்டினார்கள். எழுத்தாளர் வோல்தேரும் லாலியின் மகனும் விடாமல் போராடி, 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கழுத்து திரும்பி வரவில்லை.

இங்கேதான் நோக்கம் உயிர் போகிற விஷயமாகிறது. திறமையில்லாதவனைப் பதவியிலிருந்து இறக்கினால் போதும். துரோகிக்குத் தண்டனை வேறு. விளைவு ஒன்றாக இருந்தாலும் ஆளை என்ன செய்வது என்று தீர்மானிக்க நோக்கம் வேண்டும். அதைக்கூட லாலி விஷயத்தில் அவர் செய்த ஒரு காரியம்தான் காட்டிக்கொடுக்கிறது, தானாகத் திரும்பி வந்த காரியம். ஒருவர் எதற்காக எதை இழக்கத் தயாராக இருந்தார் என்பது, மேடையில் அவர் சொல்கிற எதையும்விட நம்பத்தக்க சாட்சி.

நம் சட்டமும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டால், அந்தச் சட்டம் போட அதற்கு அதிகாரம் இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், என்ன எண்ணத்தில் போட்டார்கள் என்று தோண்டாது. 1953-இல் கஜபதி நாராயண தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம் 1963-இல் பிரதாப் சிங் என்ற அரசு மருத்துவர் வழக்கில் எதிர்த்திசையில் போனது. பஞ்சாப் முதலமைச்சரின் சொந்தப் பகையே அவர் மேல் எடுத்த நடவடிக்கைக்குக் காரணம் என்று கண்டு, அந்த உத்தரவை ரத்து செய்தது. வித்தியாசம் புரிகிறதா? ஆயிரம் பேருக்குப் பொதுவாகப் போடும் விதியில் நோக்கத்தைத் தேடினால் முடிவே இருக்காது. ஒற்றை ஆள் மேல் பாயும் அதிகாரத்தில் நோக்கத்தைப் பார்க்காவிட்டால் பழிவாங்கலுக்குக் கதவு திறந்துவிடும்.

1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் இன்னும் கறார். கட்சியை விட்டாயா, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாயா என்று மட்டும் கேட்கும். மனசாட்சிக்காக மீறினாலும் பெட்டிக்காக மீறினாலும் அதற்கு ஒன்றுதான். நோக்கத்தை நிரூபிக்க முடியாது என்று தெரிந்தே செயலில் கோடு போட்டார்கள். பலன் என்ன? தாவுவதற்குப் பதில் ராஜினாமா செய்கிறார்கள். 2021 பிப்ரவரியில் புதுச்சேரி ஆட்சி கவிழ்ந்ததற்கு முன்னால் ராஜினாமா கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததைப் பார்த்தோம். செயலை மட்டும் அளக்கிற கோலுக்கு இந்தத் தொந்தரவு எப்போதும் உண்டு, கோலுக்கு ஏற்ற மாதிரி ஆள் குனிந்துகொள்வான்.

சட்டமன்றச் செய்திகளில் 'உள்நோக்கம் கற்பிக்கிறார்' என்று அடிக்கடி படிப்போம். ஒரு உறுப்பினர் இன்னொருவர் மேல் உள்நோக்கம் சுமத்தக் கூடாது என்று நாடாளுமன்ற விதியிலேயே இருக்கிறது. நாகரிகத்துக்காக மட்டும் வைத்த விதி இல்லை அது. 'பாலம் விரிசல் விட்டிருக்கிறது' என்றால் போய்ப் பார்க்கலாம். 'கமிஷனுக்காகத்தான் பாலமே கட்டினான்' என்றால், ரசீதோ கணக்கோ கையில் இல்லாதவரை அது வெறும் வசவு. விரிசலைப் பற்றிய பேச்சும் அதோடு செத்துப்போகும்.

நம் பங்குக்கு நாம் செய்கிற திருட்டுத்தனம் ஒன்று உண்டு. நமக்குப் பிடித்த தலைவர் சொதப்பினால் 'மனசு தங்கம், கூட இருக்கிறவங்க சரியில்லை' என்கிறோம். பிடிக்காதவர் நல்லது செய்தால் 'எல்லாம் நாடகம்' என்கிறோம். இவருக்கு நோக்கத் தராசு, அவருக்குச் செயல் தராசு, வேண்டும்போது மாற்றிக்கொள்கிறோம். மீன் மார்க்கெட்டில் யாராவது இப்படி இரண்டு தராசு வைத்திருந்தால் கூடையைத் தூக்கிக் கடாசியிருப்போம். நானும் இதில் உத்தமன் இல்லை. அழுதுவிட்டுப் போனாரே, அந்தத் தலைவருக்குத்தான் அடுத்த தேர்தலிலும் ஓட்டுப் போட்டேன்.

பையனுக்கு இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தவளக்குப்பம் தாண்டினதும் கேட்டான்.

"மாமா, அப்ப குபேருக்கு லாரி எங்க நின்னுச்சு?"

நான் எதிர்பார்க்கவில்லை. "கீழூர்ல 170 ஓட்டு விழுந்த அன்னிக்கோட கதைய நிறுத்தக் கூடாது. 63-ல முதலமைச்சர் நாற்காலியில உக்காந்தப்ப என்ன பண்ணாரு, யாருக்குப் பண்ணாரு, அடுத்த வருஷமே அந்த நாற்காலி ஏன் போச்சு, அதையெல்லாம் பாக்கணும்" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். கன்னியக்கோயில் வருவதற்குள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.